சுள்ளி ஒடிக்காத இடம்

நம் சிவத்தலங்களின் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவாலங்காடு, திருவெண்காடு, திருமறைக்காடு, திருவேற்காடு, தலையாலங்காடு. எல்லாமே காடு! தில்லை என்பதும் ஒரு மரத்தின் பெயர்தான். உப்பங்கழிச் சேற்றில் வளர்கிற மரம்; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரம் ஊருக்குள் இன்று அந்தக் காடு கிடையாது, பிச்சாவரத்துக்குப் போனால்தான் அந்த மரத்தைப் பார்க்கலாம். ஆடவல்லானை நினைக்கும்போதெல்லாம் பொன்னம்பலம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அந்த அம்பலத்தைச் சுற்றி ஒரு காலத்தில் இருட்டிக் கிடந்த மரங்கள் வருவதில்லை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போய்ச் சேர்ந்த ஆலங்காடும் அப்படித்தான்.

இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு சின்னக் காட்டைப் பற்றி.

என் மனைவி காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. பகலில் யாராவது வந்துபோவார்கள். இரவில் தூக்கம் கிடையாது. ஜபமாலையைக் கையில் எடுத்தால் விரல் பாட்டுக்கு மணியை உருட்டும், மனம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றுகொண்டிருக்கும். இத்தனை வருஷம் மேடையேறி ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னவன், எனக்கு நானே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லை. புதுச்சேரியிலிருந்து என் தங்கை மகன் வந்தான். “மாமா, எங்கேயாவது போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு வரலாம், வாங்க” என்றான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகிற வழியில் கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். கோயிலை ஒட்டி ஒரு காடு. சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பசுமை மாறாத காடு இருந்தது. விறகுக்கும் வயலுக்கும் வீட்டுமனைக்கும் போனது போக, மிச்சம் இருப்பது பெரும்பாலும் கோயில்காடுகளில்தான். ஐயனாருக்கு ஊர் பயந்தது. அதனால் மரம் பிழைத்தது.

மே மாதத்து வெயில். தார்ச்சாலை கானலாக நெளிகிறது. மரங்களுக்குள் பத்து அடி வைத்ததும் உடம்பு தானாக மூச்சை இழுத்துவிட்டது. வானளாவிய மரங்கள் ஒன்றும் இல்லை, எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் கவிந்து கிடக்கும் காடு. காயா மரம் நிறைய. காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா. கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடந்தன. காலடியில் சருகு. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வேர்மேல் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பொங்கல் பானையோடு அந்தப் பக்கமாகப் போன ஓர் அம்மாள் நின்று என்னைப் பார்த்தார். “ஐயா, ஒடிக்காதீங்க. கீழே கெடக்குற சுள்ளியக்கூட நாங்க அடுப்புக்கு எடுத்துக்கிட்டுப் போக மாட்டோம். ஐயனாருது அது.”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பக்கத்துச் செடியிலிருந்து ஒரு பச்சைக் குச்சியை என் கை முறித்திருந்தது. முறித்து, பட்டையை நகத்தால் உரித்து, துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல்!

வெட்கமாக இருந்தது. குச்சியை வேரடியில் வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டேன். நாற்பது நாளாக நான் செய்துகொண்டிருந்ததும் இதுதானே என்று பட்டது. நடந்து முடிந்ததை எடுத்து எடுத்து உரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நாள் முன்னால் கூட்டிப் போயிருந்தால், வேறு டாக்டரிடம் காட்டியிருந்தால்… ஜபமாலையையும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன். அதிலிருந்து அமைதியைப் பறித்துவிட வேண்டும் என்று. இந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட நான் எடுத்துப் போக முடியாது. அது தெரிந்ததும் கை சும்மா கிடந்தது. கை ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் மனமும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கண்ணீர் வந்தது. அந்த நாற்பது நாளில் நான் சரியாக அழுதது அன்றைக்குத்தான்.

கை ஓய்ந்ததைச் சொல்லும்போது ரமண மகரிஷி நினைவுக்கு வருகிறார். 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர். மலைமேல் விரூபாட்ச குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலுமாக 1922 வரை இருந்தார். ஒரு பக்தை லட்சம் இலை பறித்து அர்ச்சனை செய்வதாக விரதம் எடுத்தார். பாதி முடிந்தபோது இலை கிடைக்கவில்லை, என்ன செய்வது என்று ரமண பகவானிடம் கேட்டார். உன் உடம்பைக் கிள்ளிக் கிள்ளி அர்ச்சனை செய்யேன் என்றார் பகவான். உனக்கு வலிக்கும் என்றால் செடிக்கு வலிக்காதா என்பது அதன் பொருள். இன்னொரு முறை மலையில் நடக்கும்போது புதருக்குள் இருந்த குளவிக்கூட்டில் அவர் தொடை உரசிவிட்டது. குளவிகள் மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. அவற்றின் வீட்டைக் கலைத்த கால் இதுதான் என்று, அவை கொட்டி ஓயும்வரை அங்கேயே நின்றார். இந்தக் கதைகளைக் கருணைக்கு உதாரணமாக எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன். புத்துப்பட்டுக்குப் போய்வந்த பிறகுதான் அவற்றில் இருக்கும் ஓய்வு எனக்குப் புரிந்தது. காட்டிடம் அவர் எதையும் கேட்கவில்லை. அது கொடுத்ததைத் தள்ளவும் இல்லை.

உங்களில் பலருடைய சொந்த ஊரிலும் ஐயனாருக்கோ அம்மனுக்கோ விட்ட தோப்பு ஒன்று இருக்கும். ஒன்று மனதார வேண்டிக் கேட்கிறேன். திருப்பணி என்று சொல்லி அங்கே மரத்தை வெட்டித் தளம் போடுகிறார்கள், தகரக் கொட்டகை போடுகிறார்கள். நன்கொடை கேட்டு வந்தால், மரத்தை விட்டுவைப்பீர்களா என்று முதலில் கேளுங்கள். பிறகு கொடுங்கள். நீங்கள் போகும்போது தண்ணீர் மட்டும் கொண்டு போங்கள். மந்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை. கையை மடியில் போட்டு உட்காருங்கள்.

கார்த்திகையில் நான் மறுபடி போனேன். மழை பெய்து காடு சொட்டிக்கொண்டிருந்தது. அதே வேரைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். நான் உரித்துப் போட்ட குச்சி சருகோடு சருகாக மக்கி இருந்தது. ஒரு துண்டை மட்டும் எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின. அவை கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.