வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை காலையும்

கல்லூரிகளின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியங்களைப் பற்றிச் சபைகளின் சேகரக் கமிட்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்து, திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தி, பாடகர் குழுவில் நிறுத்தி வளர்த்த பிள்ளை பொறியியல் கல்லூரிக்குப் போகிறான். அங்கே வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு ஜெபக்குழுவில் சேருகிறான். இரண்டே வருடத்தில் ஊர்ச் சபை அவனுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. விடுமுறைக்கு வந்தால் பாமாலை பாடும்போது வாயைத் திறப்பதில்லை; கேட்டால், இங்கே ஜீவன் இல்லை என்கிறான். ஐக்கியத்தின் பக்கமும் பதில் புகார் தயாராக இருக்கிறது: நாலு வருடமாக இந்தப் பிள்ளைகளைத் தேடி விடுதிக்கு எந்தப் போதகர் ஐயர் வந்தார், இப்போது உரிமை கொண்டாடுவதற்கு?

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே மாணவன் யாருடைய சொத்து என்ற கணக்கில்தான் பேசுகின்றன. கேட்கவேண்டியது வேறு. மாணவர்கள் தாமே கூடி, தாமே நடத்தும் ஒரு கிறிஸ்தவக் குழு ஊர்ச் சபைகளுக்கு எந்த அளவுக்குக் கடன்பட்டிருக்கிறது? சபையின் ஆளுகைக்குள் போகாமலே அந்தக் கடனைத் தீர்க்க முடியுமா?

மாணவர் தாமே நடத்துவதில்தான் இந்த இயக்கங்களின் உயிர் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1877-இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கியம் மாணவர்களுடையது. 1895-இல் சுவீடனின் வாட்ஸ்டெனாவில் ஜான் மாட் முதலானோர் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தை அமைத்தார்கள். இந்தியாவில் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-இல் உருவானது. இதற்கிடையே 1910-இல், கோட்பாட்டு வேறுபாட்டால், கேம்பிரிட்ஜ் ஐக்கியம் அங்கிருந்த மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தைவிட்டுப் பிரிந்திருந்தது. அப்படிப் பிரிந்த சுவிசேஷ மரபு 1947-இல் சர்வதேச ஐக்கியமாகத் திரண்டது; 1954-இல் அமைந்த இந்திய சுவிசேஷ மாணவர் ஒன்றியமான யு.இ.எஸ்.ஐ. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இ.யு. என்று வழங்குவது அதன் கிளைகளைத்தான். இந்த இரு மரபுகளும் இறையியலில் எட்டப் போய்விட்டாலும், கூட்டத்தை மாணவர்தான் நடத்தவேண்டும் என்பதில் இரண்டுக்கும் ஒரே பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் நியாயமானது. பெற்றோரிடமிருந்து வந்த விசுவாசம் ஒருவனுக்குச் சொந்தமாவது பெரும்பாலும் பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில். அந்த வயதில் ஊர்ச் சபை அவனுக்குக் கொடுப்பது என்ன? வாலிபர் ஐக்கியத்தில் ஒரு பொறுப்பு, கிறிஸ்துமஸ் காரல் சுற்று, அசனப் பண்டிகையில் பந்தி பரிமாறும் வேலை. பெண் பிள்ளை என்றால் அதிலும் பாதிதான். முடிவெடுக்கும் இடத்தில் சில குடும்பங்கள் தலைமுறையாக உட்கார்ந்திருக்கின்றன. திருமண்டலத் தேர்தல் என்றாலே அணிகளும் வழக்குகளும் நினைவுக்கு வரும் நிலை பல இடங்களில் இருக்கிறது. கல்லூரி ஐக்கியத்திலோ, சொந்தச் சேகரத்தில் வேதபாடம் வாசிக்கவும் எழுந்திராத ஒரு மாணவி, பன்னிரண்டு பேருக்கு முன்னால் ஒரு நிருபத்தை அதிகாரம் அதிகாரமாக விளக்குகிறாள். தவறாக விளக்கினால் அடுத்த வாரம் தானே திருத்திக்கொள்கிறாள். அவளுடைய விசுவாசம் அவளுடையதாகும் இடம் அது. இந்தக் குழுக்களைச் சேகரத்தின் இன்னொரு சங்கமாக மாற்றி, ஐயரைத் தலைவராக்கி, வரவு செலவைக் கமிட்டியின் முன் வைக்கச் சொன்னால் மிஞ்சுவது இன்னொரு வாலிபர் ஐக்கியம்தான். அதை எதிர்த்து நிற்க மாணவர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் தன்னாட்சி யாருடைய தோளில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவன் முதலாம் ஆண்டு மாணவனுக்கு ஆவிக்குரிய ஆலோசகன் ஆகிறான். வீட்டை விட்டு முதல்முறையாக வெளியே வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு தூங்கும் பையனிடம் அன்பாகப் பேசிய முதல் ஆள் அந்தச் சீனியர். அவன் வாயிலிருந்து ‘ஆண்டவர் எனக்குக் காட்டினார்’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. படிப்பை விடுவதா, யாரைக் கலியாணம் செய்வது, மருந்து எடுக்கவேண்டிய மனச்சோர்வா உபவாசம் இருக்கவேண்டிய விசுவாசக் குறைவா என்பதெல்லாம் இருபது வயதுக்காரன் தலையில் வந்து விழுகின்றன. கெட்ட எண்ணம் இல்லாமலே பெரிய தீங்கு நடக்கக்கூடிய இடம் இது. இங்கே வயதும் அனுபவமும் உள்ள ஒரு குருவானவரையோ, மருத்துவரையோ தேடிப் போகச் சொல்வதை ஐக்கியம் தன் விசுவாசத்துக்கு வந்த குறையாக நினைத்தால், அதற்கு விலை கொடுப்பவன் அந்த முதலாம் ஆண்டு மாணவன்.

ஞானஸ்நான விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். குழந்தைப் பருவத்தில் தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்ட சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) வீட்டுப் பிள்ளை, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு சனிக்கிழமை முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டு வருகிறான். அவன் மனசாட்சி அங்கே கொண்டுபோனால் அது அவனுடைய முடிவு. அதைத் தடுக்க எந்தச் சபைக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் எல்லாச் சபைப் பிள்ளைகளும் நம்பி வரும் ஒரு பொதுக் குழுவின் தலைமையைப் பயன்படுத்தி, அவனை மெல்ல மெல்ல ஆற்றங்கரைக்கு நடத்திப்போகும் சீனியர் செய்வது நம்பிக்கை மோசம். பெற்றோரிடம் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தால் அது இன்னும் மோசம். இத்தகைய ஐக்கியங்கள் பொதுவாகத் தம்மைச் சபை என்று சொல்லிக்கொள்வதில்லை. சபைகளுக்கு இடையே தீராத வழக்குகளில் ஒரு பக்கம் சாயாமல் இருப்பது அந்தச் சொல்லுக்கு அவை கொடுக்கவேண்டிய விலை.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் ஒரு குறை தீராது. ஐக்கியத்தில் எல்லாரும் ஒரே வயது. காது கேளாத கிழவர் இல்லை, ஆராதனை நடுவே வீறிட்டு அழும் குழந்தை இல்லை, மூன்று வருடமாக ஒரே சாட்சியைச் சொல்லும் விதவைத் தாய் இல்லை, அடக்க ஆராதனை இல்லை. ஒத்த மனமுள்ளவர்களை நேசிப்பது இனிது. அது நேசத்துக்குச் சோதனை ஆவதில்லை. ஊர்ச் சபையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அலுப்புத் தட்டுவதாக மாணவர்கள் சொல்லும் ஞாயிறு ஆராதனையின் அறம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பக்கத்து பெஞ்சை யார் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும்போது பேச்சு கனத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் சபை என்பது ஒரு சாதியின் சபை. ஒரே ஊரில் இரண்டு ஆலயம், இரண்டு கல்லறைத் தோட்டம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே இடத்தில் அமர்வதற்கும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுப்பதற்கும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு பெரியது. சபையை விட்டே போனவர்கள் பலர். இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. கிறிஸ்தவ மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களில் சாதிப் பெயர் இன்னும் கூச்சமில்லாமல் நிற்கிறது.

கல்லூரி ஐக்கியம் இந்த வேலியை, கொஞ்ச காலத்துக்காவது, தாண்டுகிறது. நாசரேத் பக்கத்து நாடார் வீட்டுப் பையனும், தஞ்சை மாவட்டத்துச் சேரியிலிருந்து வந்த லுத்தரன் பையனும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருவர் பாரத்தை ஒருவர் சொல்லி ஜெபிக்கிறார்கள். முகாமுக்கு வந்த இந்து மாணவன் ஒருவன் இந்தச் சமத்துவத்தைக் கண்டே இயேசுவைத் தேடுவதும் நடக்கிறது. அவனை ஞாயிற்றுக்கிழமை ஒரு சபைக்கு அழைத்துப்போனால், வாசலில் விசாரிப்பவர் இரண்டாவது கேள்வியிலேயே ‘தம்பி, நீங்க என்ன ஆளுக?’ என்கிறார். ஐக்கியம் காட்டிய வாக்குறுதியை நிறைவேற்றும் பொறுப்பு இப்போது யாருடையது?

இங்கேதான், எல்லா மாணவருக்கும் பொதுவாக ‘உன் ஊர்ச் சபைக்குத் திரும்பிப் போ’ என்று சொல்வது அநியாயமாகிறது. அப்பா கடைசி வரிசையில் உட்காரப் பழக்கப்பட்ட சபைக்கு, தாத்தாவைத் தனி மண்ணில் புதைத்த சபைக்கு, பொறுமையோடு திரும்பிப் போகும்படி தலித் மாணவனிடம் சொல்ல ஐக்கியத்துக்கு வாயில்லை. அவன் போகலாம், போராடலாம், வேறு சபை தேடலாம். அது அவன் உரிமை, அவன் கடன் அல்ல. கடன் மற்றவனுடையது. எந்தக் குடும்பத்தின் பெயர் ஆலயச் சுவரின் கல்வெட்டில் இருக்கிறதோ, எந்த வீட்டுச் சித்தப்பா கமிட்டியில் இருக்கிறாரோ, அந்த வீட்டுப் பிள்ளைதான் திரும்பிப் போயாகவேண்டும். கல்லூரியில் நண்பனோடு ஒரே தட்டில் சாப்பிட்டது அவனுக்கு இன்பமான நினைவாக மட்டும் தங்கிவிடுமானால், அந்த நட்பை அவன் அனுபவித்தான், அதற்கு உண்மையாக இருக்கவில்லை. கமிட்டியில் கல்லறைத் தோட்டம் பற்றிப் பேச்சு வரும்போது எழுந்து பேசவேண்டியவன் அவன். பெண் பார்க்கும் நேரத்தில் அம்மாவின் கண்ணீருக்கு முன்னால் நிற்கவேண்டியவனும் அவனே. பெரும்பாலோர் அங்கேதான் சரிந்துபோகிறார்கள். நாலு வருடம் ஜெபத்தில் அழுதவர்கள், கலியாணப் பேச்சில் சாதிக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதை தேவசித்தம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

மாணவர் இயக்கங்களின் வட்டத்திலிருந்து சபைக்குத் திரும்பியவர்கள் என்ன செய்யக்கூடும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக மாணவர்களிடையே உழைத்தவர். மேடையும் வெளிநாட்டு அழைப்புகளும் அவருக்குக் குறையவில்லை. அவர் போனது தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு. 1912-இல் அங்கே பேராயராகி, பெரும்பாலும் மாலா, மாதிகா மக்களான சபைகளோடு வாழ்நாளைக் கழித்தார். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய முப்பத்து மூன்று போதகர்கள் சபைகளின் பிரிவினையைத் தாம் உண்டாக்கவில்லை என்று வெளிப்படையாக அறிக்கையிட்டபோது முன்னணியில் நின்றவர் அவர். அங்கே தொடங்கிய பேச்சுவார்த்தை 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபையாக முடிந்தது. அதைப் பார்க்க அசரியா இல்லை. அன்று பேராயரானவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். கேம்பிரிட்ஜில் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் விசுவாசத்தைக் கண்டு, அந்த இயக்கத்துக்கே செயலாளராக இருந்து, 1936-இல் இந்தியா வந்தவர்; காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமச் சபைகளில் தமிழில் பேசிப் பழகியவர். ஐக்கியத்தில் கண்ட ஒருமையை ஐக்கியத்துக்குள்ளேயே வைத்துக் கொண்டாடியிருந்தால், இவர்களால் சபைக்கு ஒன்றும் வந்திருக்காது.

சபைகளின் கடனைச் சொல்லாமல் விடுவதும் நியாயமல்ல. கல்லூரி அருகிலுள்ள ஒவ்வொரு சேகரமும் விடுதி மாணவர்களை ஞாயிறு எண்ணிக்கைக்கும் பாடகர் குழுவுக்கும் மட்டும் நினைத்துக்கொண்டால் போதாது. நிபந்தனை போடாமல் ஒரு அறையைக் கொடுக்கலாம். மாணவர் கேட்கும்போது மட்டும் வந்து, கேட்காதபோது தலையிடாத ஒரு குருவானவரைக் கொடுக்கலாம். சாப்பாட்டுக்கு ஒரு வீட்டைத் திறந்துவிடலாம். மற்ற இரண்டையும்விட இதுவே மாணவரைச் சபையோடு ஒட்டவைக்கும். ஊருக்குத் திரும்பிய பட்டதாரி கமிட்டியில் சங்கடமான ஒன்றைப் பேசும்போது, கல்லூரியில் யாரோ இவன் மனதைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லாமல் கேட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் கடினம்.

பட்டம் வாங்கிய பிறகும் ஐக்கியத்தை விட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை. மாதம் ஒரு பட்டதாரிகள் கூடுகை. பழைய நண்பர்கள், பழைய பாடல்கள், நல்ல வேதபாடம். ஞாயிறுதோறும் வசதியான ஒரு பெரிய சபையில் போய் உட்கார்ந்து எழுந்து வருகிறார்கள். ஊர்ச் சபைக்குச் சந்தா மட்டும் தவறாமல் போய்ச் சேருகிறது, கலியாண ஓலைக்கும் கல்லறைக்கும் அது தேவை என்பதால். இவர்களுடைய பக்தியைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஆனால் நாலு வருடப் பயிற்சிக்கென ஏற்பட்ட ஒன்றை நாற்பது வருட வாசஸ்தலமாக்கிக்கொள்ளும்போது, மாணவர்க்குத் தன்னாட்சி வேண்டும் என்ற நியாயம் இவர்களுக்குப் பொருந்தாது. சந்தா அனுப்பும் அந்தச் சபையின் வருடாந்தரக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய், கல்லறைத் தோட்டத்துத் தடுப்புச் சுவர் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான்.