செவிலித்தாய் எங்கே தவறினாள்?

பிள்ளையின்மீது நாம் கொண்ட அன்பே அப்பிள்ளைக்குத் தீங்காய் முடியுமா? முடியும் என்பதற்குச் சேக்ஸ்பியர் ஒரு சாட்சி தருகிறார். 1597ஆம் ஆண்டு முதன்முதல் அச்சேறிய 'ரோமியோவும் யூலியற்றும்' நாடகத்தில் வரும் செவிலித்தாயே அந்தச் சாட்சி.

தன் மகள் சூசனைச் சாவுக்குப் பறிகொடுத்த அவள், அதே வயதினளான யூலியற்றுக்குப் பாலூட்டி வளர்த்தாள். அப்பிள்ளையின் வயதை நாழிகைக் கணக்கில் சொல்லவல்லவள். பால் மறக்கடித்த நாளையும் மறவாதவள். யூலியற்றுக்காக ரோமியோவிடம் தூது சென்றவளும் அவளே. அவள் துணைநிற்க, பெற்றோர் அறியாமல், துறவி லோறன்ஸ் அவ்விருவருக்கும் மெய்விவாகம் செய்துவைத்தார்.

அன்றே ஒரு கொலை நிகழ்ந்து, ரோமியோ நாடுகடத்தப்படுகிறான். நடந்ததறியாத தந்தை, வியாழக்கிழமை பரிஸ் என்பவனை மணக்கவேண்டும், மறுத்தால் தெருவில் விடுவேன் என்று மகளை மிரட்டுகிறார். அவ்வேளை எசமானை எதிர்த்துப் பேசியவள் செவிலி ஒருத்தியே. அதை நாம் மறக்கலாகாது. தாயும் கைவிட்டுச் சென்றபின், பதினான்கு வயதும் நிரம்பாத அச்சிறுமி செவிலியிடம் ஆறுதல் கேட்கிறாள். கிடைத்த மறுமொழி என்ன? ரோமியோ இனித் திரும்பான், பரிஸே மேலானவன், அவனையே மணந்துகொள்!

இறைவன் திருமுன் ஒருவனுக்குக் கொடுத்த வாக்கை மறைத்து, இன்னொருவனுக்கு 'ஆம்' என்பது பொய்ச்சத்தியமன்றோ? செவிலி தீயவளல்லள். பிள்ளையின் கண்ணீர் நிற்பதையே பிள்ளையின் நன்மை என்று எண்ணிவிட்டாள். அக்கணமே யூலியற்றின் உள்ளக்கதவு அவளுக்கு மூடிவிட்டது. ஆறுதல் பெற்றதாக நடித்து, பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதாகச் சொல்லிப் புறப்படுகிறாள் சிறுமி. அன்றிரவே செவிலியை வெளியே அனுப்பிவிட்டு, மயக்கமருந்தைத் தனியே அருந்துகிறாள்.

நமது அகப்பொருள் இலக்கணம் இத்தகைய வேளைக்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. தலைவிக்குப் பிறர் மணம் பேச வரும்போது, மறைந்திருந்த காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் வெளிப்படுத்துவர். அதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். உண்மையை உரியவரிடம் சொல்வதையே அறம் என்றனர் நம் முன்னோர். யூலியற்றின் செவிலி அதனைச் செய்யவில்லை. செய்திருந்தால் வேலையை இழந்திருக்கலாம். எல்லாம் சுபமாய் முடிந்திருக்கும் என்றும் உறுதி கூற இயலாது. ஆயினும் அப்பிள்ளை தனித்து நின்றிராள்.

துறவி லோறன்சும் உண்மையைச் சொல்லாது மருந்தைக் கொடுத்தார். குருக்களாகிய எமக்கும் இதில் பாடம் உண்டு.

நம் இல்லங்களிலும் பிள்ளைகளின் இரகசியங்களைச் சுமக்கும் அம்மம்மாவோ, சின்னம்மாவோ, மாமியோ இருப்பர். 'இப்போதைக்கு ஓமென்று சொல்லிவிடு பிள்ளை' என்று மனச்சாட்சிக்கு விரோதமாகப் புத்தி சொல்லுமுன் அவர்கள் சற்றே நிதானிக்கட்டும். பெற்றோரே, பிள்ளை உங்களிடம் சொல்லாததை ஏன் அவர்களிடம் சொல்கிறது என்று நீங்களும் உங்களைக் கேட்டுப்பாருங்கள். அன்பையும் உண்மையையும் பிரிக்கவேண்டாமென்று எபேசியருக்குக் கற்பித்தார் புனித சின்னப்பர். பிரித்த வீட்டில் முதலில் தனிமைப்படுவது பிள்ளையே.