எண்ணுதலும் அன்பே

இறந்தோரைக் கணக்கெடுப்பது அன்பின் செயலாகுமா? மனிதனை எண்ணாகச் சுருக்குவது அவன் மாண்புக்கு இழுக்கு என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், எண்ணுதல் என்னும் நம் தமிழ்ச் சொல்லுக்குக் கணக்கிடுதல், நினைத்தல் என இரு பொருள்கள் உண்டு. எண்ணப்படாதவன் நினைக்கப்படாதவனும் ஆகிறான்.

பனமலை அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியிலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2023 மே மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு ஜூனில், 2019 வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கள்ளக்குறிச்சியில், அதே நஞ்சுக்கு 60க்கும் மேற்பட்டோர் இரையாயினர்.

மெத்தனால் பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிய பின்னரே, பல மணி நேரம் கழித்து, பார்வை மங்கலும் மூச்சுத் திணறலும் தோன்றும். அந்த இடைவெளியில் மருத்துவமனையை அடைந்தோரை மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் காப்பாற்ற வாய்ப்புண்டு. எனவே முதல் இறப்பைப் பற்றிய உண்மை, அதே சாராயத்தைக் குடித்த அடுத்தவனுக்கு உயிர்காக்கும் எச்சரிக்கையாகிறது. அதை ‘வயிற்றுவலி’, ‘வலிப்பு’ என்று மூடிமறைத்தால், துக்கம் விசாரிக்க வந்தவரே அந்த நஞ்சைப் பருக நேரிடலாம்.

1854ஆம் ஆண்டு இலண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புகள் நேர்ந்த இடங்களை ஆராய்ந்தார். அவை பிராட் தெருவின் குடிநீர்ப் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. இறந்தோர் நல்லவரா தீயவரா என்று அவர் வினவவில்லை. எங்கே நீர் எடுத்தனர் என்றே வினவினார். நாமும் அவ்வாறே வினவ வேண்டும்: எந்த ஊர், எந்த நாள், எங்கே வாங்கிய சாராயம்? இவ்விவரங்கள் மருத்துவமனையிலிருந்து அன்றே ஊராட்சிக்கும் காவல்துறைக்கும் சென்றால், மாலைக்குள் தெருத்தெருவாக எச்சரிக்க இயலும். குடித்தவர்களைத் தேடிப் பிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பவும் இயலும்.

ஆனால் கணவனை இழந்த பெண் ஏன் உண்மையை மறைக்கிறாள்? ‘குடிகாரன் செத்தான்’ என்னும் நம் ஏளனத்திற்கு அஞ்சியே. ‘அது குடிகாரர் தெரு’ என்று பெயர் சூட்டவும், அதைக் காட்டி அவள் பிள்ளைகளை இகழவும் நாம் தயங்குவதில்லை. இந்நிலையில் உண்மை சொல்லும்படி அவளிடம் கேட்க நமக்கு என்ன உரிமை? ஆகவே கணக்கில் ஊரும் நேரமும் வெளிப்படட்டும், பெயர் காக்கப்படட்டும். பிறர் துயரத்தை இரகசியமாகக் காக்கும் கடமை குருவுக்கு மட்டும் உரியதன்று. இறைமக்கள் அனைவருக்கும் உரியது.

நூறு ஆடுகளின் உவமையை நாம் அறிவோம். ஆயன் எண்ணிப் பார்த்திராவிடில், ஒன்று குறைந்ததை அறிந்திருக்கவே மாட்டான். அறிந்தபின், வழிதவறியது ஆட்டின் குற்றமே என்று வாதிட்டு அவன் நேரத்தைப் போக்கவில்லை; தேடிப் புறப்பட்டான்.