முழங்கையும் முன்வினையும்

மொனராகலையின் இறப்பர் தோட்டங்களிலும் பதுளையின் தேயிலைத் தொழிலாளர் வாழும் லயங்களிலும் துன்பத்துக்குக் காரணம் கேட்டால், "போன பிறவியில் செய்த வினை" என்ற பதில் எளிதாக வந்துவிடுகிறது. இந்தப் பதிலைக் கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கையோடு வைத்துச் சோதிக்கலாம். 1920இல் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பெரியசாமி சின்னசாமியின் பேரன் அவர். 1972இல் கண்டியில் பிறந்தார். வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார், முழங்கையை நிமிர்த்தி எறிகிறார் என்று, அவருடைய பந்துவீச்சை ஏழு முறை 'நோ போல்' என்றார். பின்னர் கருவிகளால் அளந்தபோது, குற்றமே சொல்லப்படாத பந்துவீச்சாளர்கள் பலரின் முழங்கையும் சற்று நிமிர்வது தெரியவந்தது. 2005இல் 15 பாகை வரை நிமிரலாம் என்று விதி மாறியது. 2010 ஜூலையில், காலியில், அதே கை 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது. கை மாறவேயில்லை. அதைக் குற்றமாக்கியதும் பிறகு ஏற்றுக்கொண்டதும் மனிதர் எழுதிய விதிகள். தோட்ட வேலைக்கு வந்தோரும் அவர் வழியினருமான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அப்படித்தான். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003இல் இன்னொரு சட்டம் குடியுரிமை தந்தது. சட்டத்தால் தீர்ந்த ஒன்றை முன்வினை என்று எப்படிச் சொல்வது?

சைவர் இதை மறுப்பார்கள். சேர்ந்துகிடக்கும் வினையான சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிக்கும் பிராரத்தம் என்பவற்றோடு ஆகாமியமும் உண்டு, இன்று செய்வதும் கணக்கில் சேரும், வினைக்கொள்கை கைகட்டி இருக்கச் சொல்லவில்லை என்பார்கள். முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆடி மாதத்தில் காவடி தூக்கிக் கதிர்காமம் போகிறவர் வினை தீரும் என்று நம்பித்தானே போகிறார்! ஆனால் அந்தக் கொள்கை ஒருவர் தன்னைப் பற்றிப் பேசுவதற்கு உரியது. "என் வினை" என்று சொல்லிப் பொறுமை பெறுகிறவரிடம் எனக்கு வாதமில்லை. மற்றவரின் கூரை ஒழுகுவதைப் பார்த்து "உன் வினை" என்கிறவர், தான் அறியாத முற்பிறவிக்குச் சாட்சி சொல்கிறார். அது பக்தியாகாது.

ஒரு முரளி எழுந்ததால் லயங்கள் எழுந்துவிடவில்லை என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், என் வாதத்துக்கு அதுவே வலு. அவருடைய தந்தை தோட்டத்தை விட்டு பிஸ்கட் தொழிலில் கால் ஊன்றியவர். மகன் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே ஆடுகளமும் பயிற்சியும் இருந்தன. இவை எதுவும் இல்லாத பிள்ளையின் மணிக்கட்டில் அதே சுழல் இருந்தாலும் அதை யார் கண்டிருப்பார்கள்? பதுளையும் மொனராகலையும் அடங்கிய ஊவா மாகாணத்தின் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு மைதானம் இல்லையென்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கல்வித் திணைக்களத்திலும் தோட்டக் கம்பனியிலும் இருக்கிறார்கள்.