வேம்பின் நிழலில் எந்தப் புல்?

டெல்லியின் பழைய அரசுக் குடியிருப்புகளில் வேம்பு நிற்காத முற்றத்தைப் பார்ப்பது அரிது. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் வெயிலில் வீட்டைக் காப்பது அந்த நிழல்தான். ஆனால் அங்கே புல்தரை மட்டும் நிற்பதில்லை. மாலிகள் எனப்படும் தோட்டக்காரர்கள் 'தூப்' என்று நடுவது நம் அருகம்புல். முழு வெயில் கேட்கும் புல். மரத்தடியில் முதலில் வெளிறும், பிறகு இழை இழையாக மெலியும், கடைசியில் வெறும் மண் தெரியும். மாலி அண்ணாந்து பார்த்து, நாலு கிளையைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்.

டெல்லியில் மரம் வெட்ட 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். சட்டம் அவ்வளவோடு நின்றுவிடும். பார்வைக்கு அழகாக ஒரு பச்சைத் தரை வேண்டும் என்பதற்காக ஓர் உயிரைக் குறைப்பது தகுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இந்தியச் சமயங்களும் நூல்களும் இதை நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் உள்ள ஓரறிவு உயிர்களாக வைக்கிறது. திருவாசகத்தின் சிவபுராணம், உயிர் எடுத்த பிறவிகளை வரிசைப்படுத்தும்போது புல்லில்தான் தொடங்குகிறது. சமண முனிவர்கள் மழைக்கால நான்கு மாதங்கள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள். துளிர்க்கும் புல்லும் அதில் ஊரும் பூச்சிகளும் காலடியில் நசுங்கக் கூடாது என்பதற்காக. பௌத்தத் துறவிகள் மழைக்காலத்திலும் பச்சைப்புல்லை மிதித்துத் திரிகிறார்களே என்று ஜனங்கள் குறை சொன்ன பிறகுதான் புத்தர் மழைக்காலத் தங்கலை விதித்தார் என்று விநயபிடகம் சொல்கிறது. புல்லுக்காகப் பரிந்து பேசியவர்கள் சாதாரண மக்கள் என்பது இந்தச் செய்தியில் மிக அருமையான இடம்.

ஆனால் துறவியின் விதியை அப்படியே தோட்டக்காரர் மேல் ஏற்ற முடியாது. களை பிடுங்காமல், மண்ணைக் கொத்தாமல் தோட்டம் ஏது? இல்லறத்தாருக்கு ஏற்ற ஓர் அளவுகோல் டெல்லியிலேயே, ஃபிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு மேல் நிற்கிறது. அது ஓர் அசோகர் தூண். தோப்ரா என்ற ஊரில் இருந்த அதை 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் இங்கே கொண்டுவந்தார். சாய்க்கும்போது அடிபடாமலிருக்க இலவம்பஞ்சு மெத்தை விரித்து, நாணலும் பச்சைத்தோலும் சுற்றி எடுத்துவந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதியிருக்கிறார். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அதன் எழுத்துகளைப் படித்துக்காட்டினார். தூணில் பொறித்துள்ள ஐந்தாம் கட்டளையில், உயிர்கள் இருக்கும் உமியை எரிக்கக் கூடாது, காரணமின்றிக் காட்டைக் கொளுத்தக் கூடாது என்கிறார் அசோகர். ஏழாம் கட்டளை இந்தத் தூணில் மட்டுமே உள்ளது. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர வழியெங்கும் ஆலமரம் நட்டதை அதில் சொல்கிறார். 'காரணமின்றி' என்ற அந்த ஒரு நிபந்தனைதான் முக்கியம். எந்தச் சேதமும் கூடாது என்று அவர் கேட்கவில்லை. செய்யும் சேதத்துக்குத் தக்க காரணம் கேட்கிறார். புல்தரை அழகு அந்தக் காரணமாகுமா? ஆகாது; அந்த நிழலிலேயே வளரும் புல் இருக்கும்போது நிச்சயமாக ஆகாது.

அப்படிப்பட்ட புல் இருக்கிறது. இந்தியக் காடுகளின் நிழலில் படரும் ஓப்லிஸ்மெனஸ் இனம் டெல்லியிலும் மழைக்காலத்தில் தலைகாட்டும். குனிந்து பார்த்தால் ஈட்டிமுனை போன்ற சிறிய இலைகள், ஓரம் லேசாக அலைந்து மடிந்திருக்கும். தண்டு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். பூங்கதிர் நேரத்தில் நடந்துபோனால் அதன் மணிகள் வேட்டியிலும் கால்சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும். இந்த இனத்தில் வெள்ளைக் கோடு போட்ட ரகத்தை உலகெங்கும் தொங்குதொட்டிகளில் அழகுக்கு வளர்க்கிறார்கள். அருகம்புல்லின் ஒளிச்சேர்க்கை கடும் வெயிலுக்கு அமைந்தது. இதனுடையது மங்கிய ஒளியே போதும் என்று அமைந்தது. ஜப்பானின் ஹகோனே காட்டுப்புல் படங்களில் மயக்கும், ஆனால் டெல்லிக் கோடை அதைக் கருக்கிவிடும். நர்சரிகளில் கிடைக்கும் 'மாண்டோ கிராஸ்' பெயருக்குத்தான் புல், தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். இருந்தாலும் நிழலில் பசுமை குன்றாது.

இவற்றுக்கு மக்கிய இலையும் ஈரமும் போதும். வேம்பு உதிர்க்கும் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது டெல்லியின் பழைய வழக்கம். 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தச் சருகை மரத்தடியிலேயே ஓரமாகக் குழிவெட்டிப் போட்டுத் தண்ணீர் தெளித்துவந்தால், ஜூலை மழைக்குள் புல் நடுவதற்கு வேண்டிய உரம் வீட்டிலேயே தயாராகிவிடும்.