பழைய ரிம்மில் பெரிய டயர்: அளவைப் பற்றிய ஓர் அறக்கேள்வி

வண்டியோடு வந்த ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் பெரிய ஆல் டெரெய்ன் டயரை ஏற்றுவது ஊர்தோறும் டயர் கடைகளில் நடக்கும் வேலை. நெய்வேலிப் பகுதியில் அதிகம் ஓடும் மகிந்திரா பொலேரோவை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நிறுவனம் கொடுக்கும் டயர் 215/75 ஆர்15. முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கிறது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதே 15 அங்குல ரிம்மில் 235/75 ஆர்15 டயரும் உட்காரும். அப்போது சக்கரத்தின் மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டரிலிருந்து 733.5 மில்லிமீட்டராகிறது. கூடிய 30 மில்லிமீட்டரில் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர், வண்டியின் அடிப்பாகத்தைத் தரையிலிருந்து உயர்த்துகிறது.

பெரிய டயர் மேலுள்ள இந்த விருப்பத்துக்கு, பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியில் நியாயம் இருக்கிறது. நகரியத்தின் வட்டங்களுக்குள் நேரான தார்ச்சாலைகள். அவற்றைத் தாண்டிச் சுரங்க ஓரங்களுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் போனால் செம்மண்ணும் களிமண்ணும்தான். வடகிழக்குப் பருவமழையில் அந்தக் களி சாதாரண டயரின் வரிகளுக்குள் அப்பிக்கொள்ளும். வரி நிறைந்ததும் டயர் வழவழப்பான உருளையாகி, சுழன்ற இடத்திலேயே சுழலும். ஆல் டெரெய்ன் டயரின் பட்டன்களுக்கு இடையில் இடைவெளி அதிகம். சுழலும்போதே சேற்றை உதறித் தள்ளிவிடும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, பாதை என்பது எவ்வளவு எளிதில் இல்லாமல் போகும் என்பதை இந்தப் பகுதி கண்டது. போக முடியாத இடத்துக்கும் போக வேண்டும் என்ற எண்ணத்தை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் சக்கரம் தனியாக வளர்வதில்லை. விட்டம் 4 சதவீதத்துக்கு மேல் கூடுவதால் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் இதை அறியாது. பழைய அளவில் சரியாகக் காட்டிய முள் இப்போது 80 என்று காட்டும்போது வண்டி 83 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜின் அதே முறுக்கு விசையைக் கொடுத்தாலும் தரையில் தள்ளும் விசை சுமார் 4 சதவீதம் குறையும். பிக்கப் மந்தமாகும், ஏற்றத்தில் கியர் இறக்க வேண்டியிருக்கும். பிரேக்குக்கும் இதே கணக்குதான். பெடலை அதே அழுத்தத்தில் மிதித்தாலும் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை குறைவு, நிறுத்த வேண்டிய சக்கரமோ முன்னைவிடக் கனம். பெரிய பட்டன் டயர் ஈரத் தார்ச்சாலையில் பொதுவாகச் சாலை டயரளவு பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டிலோ சேஸிஸிலோ உரசக்கூடும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், பஞ்சரான நாளில் ஒரே அச்சில் இரு வேறு விட்டங்கள் ஓடும்.

ரிம்முக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு டயர் அளவுக்கும் எவ்வளவு அகலமான ரிம் பொருந்தும் என்பதற்குத் தர அட்டவணை இருக்கிறது. 215/75 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம். 235/75 ஆர்15 டயருக்கு 6 முதல் 8 அங்குலம். 6 அங்குல ரிம்மில் பெரிய டயர் ஏறலாம். ஆனால் அனுமதியின் கீழ் எல்லையில்தான் நிற்கும். அதைவிடக் குறுகிய ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர் பிதுங்கி, நடுப்பகுதி மேடாகி, டயர் நடுவில் மட்டும் தேயும். வளைவுகளில் வண்டி தள்ளாடும். இங்கே கவனிக்க வேண்டியது, ரிம் ஒரே ஒரு அளவை மட்டும் கட்டளையிடவில்லை என்பது. அது ஒரு வீச்சைத் தருகிறது. அந்த வீச்சுக்குள் உரிமையாளருக்குச் சுதந்திரம் உண்டு. வெளியே போனால் விலை உண்டு.

இந்த இடத்தில் இயந்திரக் கேள்வி அறக்கேள்வியாகிறது. தரப்பட்ட ஓர் அடித்தளத்தின்மேல் மனிதன் எவ்வளவு தூரம் வளர்த்துக்கொண்டு போகலாம்? வளர்ச்சியின் விலையை யார் கொடுக்க வேண்டும்?

தமிழ் மரபு இந்தக் கேள்வியை வண்டியை வைத்தே கேட்டிருக்கிறது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் அச்சு முறியும் வண்டி ஒன்று உவமையாக வருகிறது. அந்த அச்சை முறிப்பது கல்லோ இரும்போ இல்லை, மயில்தோகை. பொருள் எவ்வளவு மென்மையானது என்பது அங்கே கணக்கில் வரவில்லை. தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டதா என்பதுதான் கணக்கு. கையால் அளந்தால் இரண்டு விரல் அகலம்கூட வராத 30 மில்லிமீட்டருக்கும் அந்தப் பார்வை பொருந்தும்.

சமணம் இதற்கு ஒரு நடைமுறையையே வகுத்தது. துறவிக்குப் பொருள் எதுவும் கூடாது என்ற சமணம், இல்லறத்தாருக்கு வேறொரு விரதத்தைத் தந்தது: தன் உடைமைகளுக்குத் தானே முன்கூட்டி ஓர் எல்லையைக் குறித்து, அதற்குள் வாழ்வது. நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை. திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பெரிய சமண மையம். திருநாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்புமுன் தருமசேனர் என்ற பெயரில் அங்கே இருந்ததைப் பெரிய புராணம் சொல்கிறது. இந்த விரதத்தின் நுட்பம், எல்லையை ஆசை எழும் முன்பே குறித்துவிடுவதில் இருக்கிறது. கடையில் புது டயரின் முன்னால் நின்றுகொண்டு வரம்பைத் தீர்மானிப்பவருக்கு வரம்பு விரிந்துகொண்டே போகும்.

பகவத் கீதை சுவதர்மத்தைப் பேசுகிறது. குறையோடு செய்தாலும் தன் அறமே மேல் என்ற கருத்து அதன் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் வருகிறது. இதை அளவின் தத்துவமாக வாசிக்கலாம். ஆனால் இதே கருத்து, பிறப்பைக் காட்டி மனிதரை ஓரிடத்தில் கட்டிப்போடவும் பயன்பட்டது. இங்கே கறாரான ஒரு வேறுபாடு தேவை. ரிம்மின் எல்லை அதன் உலோகத்திலும் அகலத்திலும் இருக்கிறது, அளந்து சொல்லலாம். மனிதரின் எல்லையைப் பிறக்கும்போதே யாரும் முத்திரையிட்டு அனுப்புவதில்லை. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடலூரில் 1867-இல் தருமசாலையையும் 1872-இல் சத்திய ஞான சபையையும் நிறுவிய வள்ளலார், சாதி வேற்றுமைகளை மறுத்து, பசித்த எவருக்கும் சோறு என்ற ஒரே அளவை வைத்தார். பொருளின் அளவை மதிக்கச் சொல்லும் எந்தத் தத்துவமும் மனிதரைக் குறுக்கும் தத்துவமாகிவிடக் கூடாது.

மாற்றமே கூடாது என்பதும் மரபின் நிலைப்பாடு இல்லை. அதற்குத் திருவாரூர் ஆழித்தேர் சாட்சி. அலங்கரித்து நிற்கும்போது சுமார் 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தத் தேர், இன்று மரச் சக்கரங்களில் ஓடவில்லை. திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு அதற்கு இரும்பு அச்சும் சக்கரங்களும் பொருத்தப்பட்டன. கூடவே ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. தேரோட்டத்தின் புனிதம் இதனால் குறைந்துவிட்டதாக வடம் பிடிக்கும் எவரும் கருதுவதில்லை. சக்கரத்தை மாற்றியவர்கள் நிறுத்தும் வழியையும் சேர்த்து யோசித்தார்கள். நல்ல மாற்றத்தின் இலக்கணம் அதுதான்.

விலையை யார் கொடுப்பது என்ற இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. டயர் உரிமையாளருடையது, கூடுதல் டீசல் செலவும் அவருடையது. ஆனால் நீண்டுபோன பிரேக் தூரம் அவருடையது மட்டுமில்லை. ஷிப்ட் முடியும் நேரத்தில் நெய்வேலிச் சாலைகளை நிரப்பும் சைக்கிள்களும் மொபெட்டுகளும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சட்டம் தலையிடுவதும் இதனால்தான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது.

நெய்வேலி என்ற ஊரின் வரலாறே இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-இல் அதை எடுப்பதற்கான நிறுவனம் உருவாயிற்று; 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது; 1962-இல் மின்சாரம் வந்தது. கரியை எடுக்க அதன் மேலுள்ள மண் முழுவதையும் வாரி அப்புறப்படுத்த வேண்டும்; கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தென் மாநிலங்களின் விளக்குகள் எரிந்தன. சுற்றுக் கிராமங்கள் நிலத்தைக் கொடுத்தன. பயன் ஓரிடத்திலும் விலை இன்னோரிடத்திலும் விழும்போது, இடையில் நிற்பவருக்கு அறக் கடமை பிறக்கிறது. நாட்டுக்கு மின்சாரம் தேவை என்பது உண்மை. அந்தத் தேவை, நிலம் இழந்தவருக்கு உரியதைக் கொடுக்கும் கடமையை நீக்கிவிடாது. வண்டி உரிமையாளரின் கடமை இதைவிட மிகச் சிறியது, ஆனால் வகை ஒன்றுதான்.

ஆக, கேள்விக்கு விடை மூன்று சோதனைகளில் அடங்கும். அடித்தளம் தரும் வீச்சுக்குள் மாற்றம் நிற்கிறதா? அதோடு இணைந்த மற்ற உறுப்புகளும் அதற்கேற்பச் சரிசெய்யப்பட்டனவா? விலை முழுவதையும் விரும்பியவரே ஏற்கிறாரா? டயர் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, மொத்த விட்டத்தில் 3 சதவீத மாற்றம். 235/75 ஆர்15 அதைத் தாண்டுகிறது. ஆகவே பொலேரோவின் ரிம்மில் அது ஏறும் என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. சேற்றில் பிடிப்புதான் தேவை என்றால், நிறுவனம் குறித்த அளவிலேயே ஆல் டெரெய்ன் வகை டயரை வாங்கி, சுமை எண்ணும் வேகக் குறியீடும் குறையாமல் பார்த்து, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக மாற்றுவது போதும். பெரிய அளவுக்குப் போக நினைப்பவர், பணம் கொடுக்கும் முன்பு வண்டியின் கையேட்டையும் ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தையும் ஒருமுறை படித்துவிட வேண்டும்.