ஆணையத்துக்குப் படியளப்பது யார்?

தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லி மாகறல் சுற்றுப்பட்டுச் சேரிகளிலிருந்து ஆட்கள் என்னிடம் வருவார்கள். எழுதித் தருகிறேன். ஆனால் அந்த ஆணையத்துக்குப் படியளக்கிறது யார் என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

338ஆவது பிரிவு அதற்கு சிவில் கோர்ட் அதிகாரம் தந்திருக்கிறது. சம்மன் அனுப்பலாம், அதிகாரியை நிற்கவைத்துக் கேட்கலாம். பணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதன் ஒதுக்கீடு சமூக நீதி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைக்குள்ளே வருது. யாருடைய திட்டங்களை அது எடை போடணுமோ, மரக்கால் அவங்க கையில!

என் பாட்டன் மாகறலில் வெட்டியான் வேலை பார்த்தவர். மடை திறக்கிறது, களத்துக் காவல், பிணக்குழி எல்லாம் அவர் தலையில். கூலி, மிராசுதார் களத்துமேட்டில் அளந்து போடுகிற நெல். பழைய சென்னை மாகாணத்தில் எல்லைத் தகராறு வந்தால் வெட்டியானை நடக்கச் சொல்லி, அவன் நடந்த தடத்தையே எல்லையாக ஒத்துக்கொண்டதை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தீட்டு என்று தள்ளிவைத்தவன் வாக்கு, நிலம் என்று வந்தால் மட்டும் வேதவாக்கு! நெல் அளக்கிறவன் நிலத்துக்கே தகராறு என்றால் அந்தக் கால் எந்தப் பக்கம் நடந்திருக்கும்? பாட்டனை நான் குறை சொல்லல. அவரை அந்த நிலையில் நிறுத்தியவர்களைச் சொல்கிறேன். 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதிய செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் மிராசுதார் களத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. அதனால் எழுத முடிந்தது.

அம்பேத்கருக்கு இது தெரியும். 1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பணி நீதித்துறையின் பணியைவிட முக்கியமானது, ஆனால் நீதித்துறைக்குள்ள சுதந்திரம் அவருக்குத் தரப்படவில்லை என்று குறைப்பட்டார். அப்படியும் 148ஆவது பிரிவு அவர் அலுவலகச் செலவைத் தொகுப்பு நிதியில் ஏற்றியது. நாடாளுமன்றம் அதைப் பற்றிப் பேசலாம். ஓட்டுப் போட்டு வெட்ட முடியாது.

நம்ம ஆணையத்துக்கும் அதுபோலச் செய்தால் போதும் என்கிறார்கள் தோழர்கள். போதாது. முதலிலேயே குறைத்து எழுத நிதியமைச்சகத்துக்கு வழி இருக்கே. நியூசிலாந்தில் சபாநாயகர் தலைமையிலான கமிட்டிதான் தணிக்கையாளர், ஆம்புட்ஸ்மன் போன்றோரின் பட்ஜெட்டைப் பார்த்துச் சபைக்குப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் 1983 சட்டம் தணிக்கை அலுவலகத்தின் செலவுத் திட்டத்தை எம்.பி.க்கள் குழுவிடம் விட்டது. இங்கேயும் ஆணையம் தன் தேவையை நேரே அப்படியொரு குழுவிடம் வைக்கட்டும். எதிர்க்கட்சியும் தனித்தொகுதி உறுப்பினர்களும் அதில் உட்காரட்டும். குறைத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

எம்.பி.க்களும் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவங்கதானே என்று ஒரு மாணவர் கேட்டார். சரிதான். ஆனால் கமிட்டியில் வெட்டினால் வெட்டியவர் பேர் பதிவாகும். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தத் தாளைக் காட்டி நாம் கேட்கலாம்.